ரெய்னியர் மலைல பாத்த ஹெதர்: ஒரே செடியோட மூணு கலரா, இல்ல மூணு வேற வேற செடியா?

சியாட்டில்_சாம்பார்:

வணக்கம் மக்களே, செடி விஷயத்துல நான் சுத்த கத்துக்குட்டி, கேள்வி மொக்கையா இருந்தா பொறுத்துக்கோங்க.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஜூலை கடைசி சனிக்கிழமை அவங்களைக் கூட்டிட்டு இங்க சியாட்டில் பக்கத்துல இருக்கற மவுண்ட் ரெய்னியர் போனோம். பாரடைஸ்ல காரை விட்டுட்டு ஸ்கைலைன் ட்ரெயில்ல நடக்க ஆரம்பிச்சோம், அம்மாவுக்கு முட்டி வலி, அதனால அரை மைல்லயே அவங்க ரெண்டு பேரும் திரும்பிட்டாங்க, நானும் பையனும் மட்டும் பனோரமா பாயிண்ட் வரைக்கும் ஏறினோம். வழி நெடுக தரைல பாய் விரிச்ச மாதிரி ஒரு குட்டைச் செடி. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல வரும், அவ்வளவுதான். எல்லாத்துலயும் தலை குனிஞ்ச மணி மாதிரி பூ.

படம் 1, நல்ல பிங்க். இலை ஊசி ஊசியா, கிறிஸ்மஸ் மரத்துக் கிளைய ஒடிச்சு நட்டு வெச்ச மாதிரி. படம் 2 நல்லா மேல ஏறினப்புறம் பாத்தது, இலை அதே மாதிரிதான், ஆனா பூ வெளிர் மஞ்சள், கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. படம் 3 வெள்ளைப் பூ, மேல சிவப்புத் தொப்பி போட்ட மாதிரி, இதுல இலையே இல்ல, தண்டு மட்டும் கயிறு மாதிரி இருக்கு. படம் 4 தான் குழப்பமே, 1-ம் 2-ம் பக்கத்துல பக்கத்துல இருந்த இடத்துல எடுத்தது, பூ வெளிறின பிங்க், எதுல சேக்கறதுன்னே தெரியல.

போன்ல இருக்கற ஒரு ஆப்ல போட்டேன். முதல் ரெண்டையும் எரிக்காங்கற செடின்னு சொல்லுது, மூணாவதை பூ இல்லாத ஏதோ பாசி வகைன்னு சொல்லுது, பூ படத்துலயே தொங்குது! அங்க வழில கேட்டவங்க எல்லாரும் "ஹெதர்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. பையன் விடாம கேக்கறான், செம்பருத்தில சிவப்பு, வெள்ளை, மஞ்சள் இருக்கே, அது மாதிரியாப்பான்னு. எனக்கும் பதில் தெரியல. பூ உதிர்ந்தப்புறம் போனா எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது?

---

கொடைக்கானல்_குளிர்:

ப்ரோ, எல்லாம் ஒரே செடிதான், சந்தேகமே வேண்டாம். ஹைட்ரேஞ்சியா பாத்திருப்பீங்கல்ல, மண்ணுல புளிப்பு கூடினா நீலம், கொறைஞ்சா பிங்க், எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்கு. இதுவும் அதே கதைதான், மேல போகப் போக மண்ணு மாறுது, கலர் மாறுது. ஸ்காட்லாந்துல மலை முழுக்க ஊதாவா இருக்குமே, அதே ஹெதர்தான் இதுவும்.

---

இலையடி:

கொடைக்கானல் சார் கோச்சுக்காதீங்க, ரெண்டும் தப்பு. மண்ணால கலர் மாறல, ஸ்காட்லாந்து ஹெதரும் இது இல்ல. ஸ்காட்லாந்து மலைய ஊதாவாக்கறது கலூனா, இங்க கடைல தொட்டில வெச்சு "ஹெதர்"னு விக்கறதுலயும் பெரும்பாலும் அதுவோ எரிக்காவோதான் இருக்கும், ரெண்டும் ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கத்துச் சொத்து. ரெய்னியர்ல தரைய மூடிக் கிடக்கறது வேற ரெண்டு பேரினம். ஊசி இலை உள்ளது ஃபில்லோடோசி, கயிறு மாதிரி இருக்கறது காசியோப்பி. குடும்பம் ஒண்ணுதான், ரோடோடென்ட்ரான் குடும்பம். சித்தப்பா பெரியப்பா பசங்கன்னு சொல்லலாம், கூடப் பொறந்ததுன்னு சொல்ல முடியாது. இங்க குடியேற வந்த வெள்ளைக்காரங்க பழைய ஊர் செடி மாதிரி இருக்கேன்னு ஹெதர்னு கூப்பிட்டாங்க, அது அப்படியே ஒட்டிக்கிச்சு.

சாம்பார் அண்ணா, உங்க கேள்விக்கு வர்றேன். நான் போர்ட்லேண்ட் பக்கம், இந்த மலைகள்ல பதினஞ்சு வருஷமா கோடைக்குக் கோடை சுத்தறேன், கத்துக்கிட்ட ஒரே பாடம் என்னன்னா பூவோட கலரை கடைசில பாக்கணும், எல்லாரும் அதைத்தான் முதல்ல பாப்பாங்க, அங்கதான் வழுக்கும். முதல்ல குனிஞ்சு இலைய பாருங்க.

உங்க படம் 3-ல இலையே இல்லன்னு சொன்னீங்களே, அந்தக் கயிறு பூராவும் இலைதான். நம்மூர் பிரண்டைத் தண்டு தெரியும்ல, நாலு பட்டையா இருக்கும், அதை ஈர்க்குச்சி கனத்துக்கு சுருக்கி அதுமேல மீன் செதில் மாதிரி ஒட்டினா எப்படி இருக்குமோ அப்படி. இலை ஒவ்வொண்ணும் 2 மி.மீ.ல இருந்து 5 மி.மீ. வரைக்கும்தான், எதிரெதிரா ஜோடி ஜோடியா வரும், அடுத்த ஜோடி குறுக்கால வரும், அதனாலதான் நாலு வரிசையா அடுக்கின மாதிரி தெரியுது. இது காசியோப்பி மெர்டென்சியானா, வெள்ளை மலை ஹெதர். சிவப்புத் தொப்பின்னு நீங்க சொன்னது புல்லி இதழ். மொட்டுல அந்தச் சிவப்புதான் எடுப்பா தெரியும், தூரத்துல இருந்து பாத்துட்டு பிங்க் ஹெதர்னு எழுதி வெச்சவங்க நிறைய பேர், நானும் ஒருத்தன்.

படம் 1 ஃபில்லோடோசி எம்பெட்ரிஃபார்மிஸ், பிங்க் மலை ஹெதர். இதுல இலை தனித்தனியா, மாத்தி மாத்தி, தண்டைச் சுத்தி நெருக்கமா வரும், ஒரு செ.மீ. நீளம் சுமாரா. ஒரு ஊசிய அப்படியே செடிலயே திருப்பிப் பாத்தீங்கன்னா ஓரம் ரெண்டும் கீழ்ப்பக்கமா சுருண்டு நடுவுல ஒரு கோடு மாதிரி வாய்க்கால் விட்டிருக்கும். கீழ பழைய தண்டு சொரசொரன்னு இருக்கும், இலை உதிர்ந்த இடத்துல குட்டிக் குட்டி முளை நிக்கும். இலை தான் உங்க கடைசிக் கேள்விக்கும் பதில். பூ போனாலும் பனி மூடினாலும் ரெண்டும் பசுமை மாறாத செடி, இலை அங்கேயேதான் இருக்கும்.

படம் 2 ஃபில்லோடோசி கிளாண்டுலிஃப்ளோரா, மஞ்சள் மலை ஹெதர். இலைய வெச்சு 1-ல இருந்து 2-ஐப் பிரிக்கறது கஷ்டம், நான் முயற்சி கூட பண்ண மாட்டேன். இங்க பூ வேணும், ஆனா கலர் இல்ல, வடிவம். பிங்க் பூ ஜிமிக்கி மாதிரி, வாய் விரிஞ்சு விளிம்பு வெளிப்பக்கம் சுருண்டு நிக்கும், நடுவுல சூலகத்தண்டு பெரும்பாலும் வெளிய எட்டிப் பாக்கும். மஞ்சள் பூ கழுத்து ஒடுங்கின குட்டிச் செம்பு, வாய் சின்னது, உள்ள இருக்கறது எதுவும் வெளிய தெரியாது. அதோட மஞ்சள் பூ மேல பூராவும் பொடிப் பொடி முடி, முடி நுனில பசைச் சொட்டு, வெயில்ல பாத்தா மினுக்கும். கிளாண்டுலிஃப்ளோரான்னு பேரே அந்த சுரப்பிக்காக வெச்சதுதான். பிங்க் பூ வழுவழுன்னு இருக்கும்.

இதுல ஒரு பொறி இருக்கு, பூக்காம்பைத் தொட்டுப் பாத்து முடிவு பண்ணிடாதீங்க, காம்பு ரெண்டுலயும்தான் பிசுபிசுக்கும். புல்லியையும் பூவோட உடம்பையும் பாக்கணும்.

படம் 4 என் கணிப்புல கலப்பு. பிங்க்கும் மஞ்சளும் பக்கத்துல பக்கத்துல இருக்கற இடத்துல ரெண்டும் கலந்து ஃபில்லோடோசி இண்டர்மீடியான்னு ஒண்ணு வரும், வெளிர் பிங்க், பாதி ஜிமிக்கி பாதி செம்பு.

ஆப் சொன்னதை ரொம்பக் கோவிச்சுக்காதீங்க, நீங்க எடுத்த நாலு படத்துலயும் மேல இருந்து பூ மட்டும்தான் தெளிவா இருக்கு, அதுகிட்ட வேற என்ன இருக்கு சொல்ல.

---

கொடைக்கானல்_குளிர்:

சரி சார், ஒத்துக்கறேன், ஹைட்ரேஞ்சியாவை வாபஸ் வாங்கிக்கறேன் 😄 ஆனா ரோடோடென்ட்ரான் குடும்பம்னு சொன்னீங்க பாருங்க, அது எங்க சோலைல செக்கச்செவேல்னு பூக்கற மரமாச்சே, ஆளை விட உயரம். இந்தக் கணுக்கால் செடி அதுக்கு எப்படி சொந்தம்?

---

இலையடி:

அதே மரம்தான், அதே குடும்பம். உங்களுக்கு இன்னும் கிட்டத்து சாட்சி வேணும்னா ஊட்டிக் கடைல விண்டர்கிரீன் ஆயில் விக்கறாங்களே, அந்த எண்ணெய் எடுக்கற கால்தீரியா செடி உங்க மலையிலயும் வளருது, அடுத்த தடவை அது பூத்திருக்கறப்ப குனிஞ்சு பாருங்க, குட்டி வெள்ளைச் செம்பு கொத்தாத் தொங்கும். பாத்தீங்கன்னா இந்த மஞ்சள் ஹெதர் யாருக்கு சொந்தம்னு நான் சொல்லவே தேவையில்ல.

---

தனி_ஒருவன்_ட்ரெக்கர்:

இவ்வளவு எதுக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கொப்பு ஒடிச்சு பைல போட்டுட்டு வந்தா வீட்ல நிதானமா பாக்கலாமே, அத்தனை இருக்குல்ல அங்க.

---

இலையடி:

வேண்டாம் தம்பி. முதல் விஷயம் அது நேஷனல் பார்க், செடி பறிக்கறது சட்டப்படி குத்தம். ரெண்டாவது, அத்தனை இருக்குன்னு தெரியுதே தவிர ஒவ்வொண்ணும் எத்தனை வருஷத்துச் செடின்னு நமக்குத் தெரியாது. வருஷத்துல ரெண்டு மூணு மாசம்தான் அதுக்கு வெளிச்சமே, மிச்ச நாள் பனிக்கடில கிடக்குது. பாரடைஸ்ல 1971-72 குளிர்காலத்துல மொத்தம் 1,122 இன்ச் பனி கொட்டியிருக்கு, 93 அடிக்கு மேல. அந்தப் போர்வைக்குள்ள இருக்கறதாலதான் இலை காத்துல காயாம தப்பிக்குது, அதுக்கு விலையா வளர்ச்சி ரொம்ப மெதுவு. போட்டோ எடுக்கறேன்னு நாலு பேர் ட்ரெயில விட்டு ஒரே இடத்துல இறங்கினா அந்தத் தடம் வருஷக்கணக்கா மாறாது. பாரடைஸ் மெடோல மிதிபட்டு மொட்டையான இடங்கள்ல நாத்து வளத்து நட்டு திரும்பக் கொண்டுவர்ற வேலை இன்னைக்கு நேத்து இல்ல, பல வருஷமா நடக்குது.

ட்ரெயில் ஓரத்துலயே எல்லாம் கிடைக்கும். 10 மடங்கு பெருக்கற கைலென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, நகைக்கடைக்காரர் கண்ல வெச்சிருப்பாரே அது. அதை போன் கேமரா மேல ஒட்டிப் பிடிச்சா போட்டோவும் வரும்.

---

வன்கூவர்_வடலி:

இலையடி அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஒரு இடத்தில மட்டும் எனக்குச் சம்மதமில்லை. நாலாவது படத்தை நானும் பெரிசாக்கிப் பாத்தனான், அது கலப்பு எண்டு படத்தை வைச்சே எப்பிடிச் சொல்லுறீங்கள்? பிங்க் பூ வாட வெளிக்கிட்டால் வெயிலில நல்லா வெளிறிப் போகும், இங்க வன்கூவருக்கு வடக்கில கரிபால்டி மலைப் பக்கம் ஆகஸ்ட் கடைசியில போனால் பாதிப் பூ அந்த நிறத்திலதான் நிக்கும். பூவின்ர கழுத்து ஒடுங்கியிருக்கோ, மேல பசை முடி இருக்கோ எண்டு பாக்காமல் கலப்பு எண்டு எழுதுறது எனக்குச் சரியாப் படேல்ல. கலப்பு எண்ட சொல்லு பலபேருக்கு "எனக்கு விளங்கேல்ல" எண்டதுக்கு மாற்றுச் சொல்லாப் போச்சு.

மற்றது, வெள்ளைப் பூவிலயும் ஒண்டுக்கு மேல இருக்கு எண்டதையும் சொல்லவேணும். நான் 2 வருசத்துக்கு முன்னம் பிள்ளையளோட ராக்கி மலையில இருக்கிற பான்ஃப் போனனான், லேக் லூயிஸுக்கு மேல ஏறேக்க வெள்ளை மணிப்பூவைக் கண்டிட்டு, ஆ இது எங்கட மெர்டென்சியானாதானே எண்டு பேசாமல் தாண்டிப் போட்டன். பிறகு வீட்டை வந்து படத்தைப் பெரிசாக்கினால் ஒவ்வொரு செதிலிலையின்ர முதுகிலயும் கத்தியால கீறினமாதிரி நெடுக ஒரு ஆழமான பள்ளம். அது காசியோப்பி டெட்ராகோனா. மெர்டென்சியானாவில அந்தப் பள்ளம் இராது, முதுகு உருண்டையா இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் ஒருக்கா கண்டால் மறக்க ஏலாது. ரெய்னியரில அதைத் தேடாதேங்கோ, ராக்கி மலைப் பக்கமும் வடக்கில ஆர்க்டிக் முழுக்கவும்தான் அதின்ர இடம். மரமே இல்லாத அந்த ஆர்க்டிக் ஊருகளில இனுவிட் சனம் அதைத்தான் பிடுங்கி அடுப்பெரிச்சவை, பிசின் கூட இருக்கிறதால ஈரமா இருந்தாலும் பத்துமாம். கையளவு உயரச் செடியை விறகாக் கட்டின சனம்!

---

இலையடி:

வடலி சொன்னது நியாயம், படத்தை வெச்சு அவசரப்பட்டுட்டேன். 4-ஐ "ஃபில்லோடோசி, இன்னும் முடிவாகல"ன்னு வெச்சுக்கோங்க. ஆனா ரெண்டு பெத்தவங்களும் பக்கத்துலயே இருக்காங்கன்னு சாம்பார் சொன்னதாலதான் எனக்கு அந்த நெனப்பு வந்துச்சு, சும்மா அடிச்சு விடல 🙂

---

ஹேம்குண்ட்_போனவள்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும், நான் சென்னை, அமெரிக்கா பக்கம் வந்ததே இல்ல. ஆனா அந்தக் கயிறு வர்ணனையப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு, இதை நான் பாத்திருக்கேன்! உத்தராகண்ட்ல பூக்களின் பள்ளத்தாக்கு போயிட்டு மறுநாள் ஹேம்குண்ட் சாஹிப் ஏறினோம், நல்லா மேல படிக்கட்டுக்கு ஓரமா பாறைச் சந்துல இதே மாதிரி பின்னல் சடை, வெள்ளை மணி. மூச்சு வாங்குதுன்னு உக்காந்த இடத்துலதான் கண்ணுல பட்டுச்சு. இது அங்க எப்படி இருக்கும்? கூகுள்ல இருக்கறதெல்லாம் அமெரிக்கா படமாவே வருது.

---

இலையடி:

அக்கா நீங்க பாத்தது காசியோப்பி ஃபாஸ்டிஜியாட்டாவா இருக்கணும், இமயமலைல இருக்கற காசியோப்பி. இலை முதுகுல வடலி சொன்ன மாதிரி பள்ளம் இருக்கும், அதோட இலை விளிம்புல வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா, வெள்ளையா ஒரு சவ்வு ஓடும், படம் இருந்தா பெருசு பண்ணிப் பாருங்க. சிக்கிம் பக்கம் போனா செலாஜினாய்டிஸ்னு இன்னொண்ணு, அது இன்னும் ஒல்லி.

இந்தப் பேர்ல ஒரு கதையே இருக்கு. இந்தச் செடிகளை முன்னாடி ஆண்ட்ரோமெடாங்கற பேரினத்துல வெச்சிருந்தாங்க, தாவரவியலாளர் லின்னேயஸ் வெச்ச பேர், கிரேக்கக் கதைல பாறைல கட்டிப் போட்ட இளவரசி. 1834-ல டேவிட் டான்ங்கற தாவரவியலாளர் இதைப் பிரிச்சு எடுத்தப்ப அந்த இளவரசியோட அம்மா பேரை இதுக்கு வெச்சிட்டாரு, காசியோப்பி. பொண்ணு கிட்ட இருந்து அம்மாவைத் தனிக்குடித்தனம் வெச்ச மாதிரி ஆயிடுச்சு. ஃபில்லோடோசி கடல் தேவதை ஒருத்தியோட பேர், மலை உச்சிச் செடிக்கு கடல் தேவதை பேர் எதுக்குன்னு கேக்காதீங்க.

கலிஃபோர்னியா சியர்ரா நெவாடாவுலயும் இதே வெள்ளைக் காசியோப்பி உண்டு, இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் 1869 கோடை முழுக்க எங்கடா காணோம்னு ஏங்கிட்டு கடைசில செப்டம்பர்ல கதீட்ரல் பீக்ல கண்டுபிடிச்சாரு. அங்க ஊசியிலைக்காரி வேற, ஃபில்லோடோசி ப்ரூவெரி, பூ கிண்ணம் மாதிரி அகலத் திறந்து மகரந்தத்தாள் எல்லாம் வெளிய நீட்டிட்டு நிக்கும், ஜிமிக்கியும் இல்ல செம்பும் இல்ல.

---

ஹேம்குண்ட்_போனவள்:

இருக்கு!! அந்த வெள்ளைச் சவ்வு இருக்கு! ஆறு வருஷமா "ஏதோ பாசி"ன்னு ஃபோல்டர்ல தூங்கிட்டு இருந்த படம். நன்றி தம்பி.

---

சியாட்டில்_சாம்பார்:

ரெண்டு வாரம் ஆள் காணோம்னு நெனச்சிருப்பீங்க. திரும்பப் போயிட்டு வந்துட்டேன்! இந்தத் தடவை 10 மடங்கு லென்ஸோட, பையன் கழுத்துல கயிறு கட்டி மாட்டிக்கிட்டான், யாருக்கும் குடுக்க மாட்டேங்கறான்.

வரிசையா சொல்றேன். கீழ பாரடைஸ் பக்கம் பிங்க் பாதி முடிஞ்சிடுச்சு, பூ உதிர்ந்த இடத்துல சின்ன காய், வேடிக்கை என்னன்னா பூ குனிஞ்சிருந்துச்சு, காய் நிமிர்ந்து நிக்குது. இலைய ஒடிக்காம விரலால லேசா மடக்கிப் பாத்தோம், அந்த வாய்க்கால் கோடு அப்படியே இருக்கு. வெள்ளைல இலை முதுகு உருண்டைதான், பள்ளம் இல்ல, அப்ப மெர்டென்சியானா உறுதி. அப்புறம் யாரும் இங்க சொல்லாத ஒண்ணை பையன் கண்டுபிடிச்சான், வெள்ளைப் பூவுக்குள்ள லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு "அப்பா, உள்ள மாடு இருக்கு"ங்கறான்! பாத்தா மகரந்தப்பை ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கொம்பு, பின்னாடி வளைஞ்சு நிக்குது. பிங்க்ல பாத்தா மொழுக்குன்னு கொம்பே இல்ல. இது சரியா, இல்ல எங்களுக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதா?

படம் 4 செடி இருந்த இடத்தைப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு, ஒரு பெரிய பாறைய அடையாளம் வெச்சிருந்தேன், மலைல எல்லாப் பாறையும் பெரிய பாறைதான்னு அப்புறம்தான் உறைச்சுது. நல்ல வேளை மேல பனி லேட்டா உருகின இடம், ஏழெட்டு பூ மிச்சம் இருந்துச்சு. புதுசா விரிஞ்ச பூ கூட வெளிர் பிங்க்தான், அதனால வெயில்ல வெளிறினது இல்லன்னு நெனைக்கறேன். கழுத்து கொஞ்சம் ஒடுங்கியிருக்கு, மஞ்சள் அளவுக்கு இல்ல. பூ மேல அங்கொண்ணு இங்கொண்ணா பசை முடி, புல்லி நல்லாவே பிசுபிசுக்குது. பக்கத்துல சுத்த மஞ்சள்ல லென்ஸ் வெச்சா முடி மொசுமொசுன்னு இருக்கு, ஒரு குட்டிப் பூச்சி கூட ஒட்டிக் கிடந்துச்சு பாவம். வடலி அண்ணா, இப்ப என்ன சொல்றீங்க?

கடைசியா ஒரு புதுக் குழப்பம். பனித்திட்டு ஓரத்துல ஈரமான இடத்துல பாசி மாதிரி தரையோட ஒட்டி ஒண்ணு, வெள்ளைப் பூ. முதல்ல மெர்டென்சியானா குட்டின்னு நெனச்சேன், ஆனா தண்டு பிரண்டை மாதிரி இல்ல, இலை விலகி விலகி நிக்குது, ஜோடியாவும் இல்ல. ஒரு கிளைக்கு ஒரே ஒரு பூ, அதுவும் சரியா நுனில. மெர்டென்சியானாவுல பூ நுனிக்குக் கொஞ்சம் கீழ, இலைக் கக்கத்துல இருந்து, ஒரே கிளைல நாலஞ்சு வருது. இந்தத் தடவை இலைப் படமும் போட்டிருக்கேன், பக்கவாட்டுல ஒண்ணு, மேல இருந்து ஒண்ணு.

---

வன்கூவர்_வடலி:

தம்பி, இப்ப கலப்பு எண்டு நானும் எழுதுவன். புதுப் பூவே வெளிறல், கழுத்து பாதி, முடி பாதி, இனி என்ன வேணும். இலையடி அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஆனால் கேட்டது பிழையில்லை.

மகனுக்குச் சொல்லுங்கோ, அவன் கண்டது மெய்தான். காசியோப்பிக்குக் கொம்பு உண்டு, ஃபில்லோடோசிக்கு இல்லை. பேரினத்தைப் பிரிக்கிறதுக்கு அதுவும் ஒரு அடையாளம்.

---

இலையடி:

கேட்டது தப்பே இல்ல வடலி, கேக்கலன்னா அவர் திரும்பப் போயிருக்க மாட்டாரு.

சாம்பார் அண்ணா, அந்தக் கடைசிப் படத்தைப் பாத்துட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமையாவே இருக்கு. ஹாரிமனெல்லா ஸ்டெல்லேரியானா. முன்னாடி இதையும் காசியோப்பில தான் வெச்சிருந்தாங்க, நீங்க கவனிச்ச அதே காரணத்துக்குத்தான் பிரிச்சாங்க, இலை மாத்தி மாத்தி, விலகி நிக்குது, நுனில ஒத்தைப் பூ. 1899-ல ஹாரிமன்ங்கற ரயில்வே முதலாளி ஆராய்ச்சிக்காரங்களைக் கப்பல்ல ஏத்திட்டு அலாஸ்கா போனாரு, அவர் பேரை 1901-ல ஃபிரெடெரிக் கோவில்ங்கற தாவரவியலாளர் இந்தப் பேரினத்துக்கு வெச்சாரு. ஸ்டெல்லேரியானாங்கறது ஸ்டெல்லர் பேர்ல வந்தது, அவர் அதுக்கும் முந்தின ஆளு, 1741-ல கடல் பயணி பெரிங்கோட கப்பல்ல அலாஸ்கா வந்தவரு. அலாஸ்கால இது சாதாரணம், தெற்கே வர வர கொறைஞ்சுகிட்டே வந்து கிட்டத்தட்ட ரெய்னியரோட நின்னுடுது. நான் அந்த ட்ரெயில்ல எத்தனையோ தடவை நடந்திருக்கேன், இது என் கண்ணுல பட்டதே இல்ல.

எந்தப் பனித்திட்டுன்னு சொல்லுங்க, ஆனா இங்க பொதுவுல வேண்டாம், தனி மெசேஜ்ல அனுப்புங்க.

---

சியாட்டில்_சாம்பார்:

அனுப்பிட்டேன். பையன் கிட்ட சொன்னேன், "அப்ப அந்த அங்கிள் கிட்ட லென்ஸ் இருக்கா, நான் வேணா தரேன்"ங்கறான். ரெண்டு வாரத்துல யாருக்கும் தரேன்னு சொன்னது இதுதான் முதல் தடவை.